வாத்தா, வுட்சக்கா, மாட்டு வைரஸா? ஹெபடைடிஸ் மருந்துக்குப் பதிலி தேடும்போது

கையில் இரண்டு கிராம் வெள்ளைப் பொடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேதியியல் குழு மாதக்கணக்கில் உழைத்துத் தந்த புதிய நியூக்ளியோசைடு, அதாவது டி.என்.ஏ.வின் கட்டுமானத் துண்டைப் போலிருக்கும் மூலக்கூறு. ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபுப்பொருளை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியைச் சோதனைக் குழாயில் அழகாகத் தடுக்கிறது. அடுத்து, உயிருள்ள ஒரு கல்லீரலில் அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த விலங்கின் கல்லீரலில்?

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் கொடுப்பதாக இருந்தால், 3 கிலோ எடையுள்ள ஒரு வுட்சக்குக்கு (அணில் குடும்ப விலங்கு) தினமும் 30 மில்லிகிராம் தேவை. பன்னிரண்டு வாரத்துக்கு 2.5 கிராம். அதாவது இரண்டு கிராம் பொடி ஒரே ஒரு வுட்சக்குக்கே போதாது. வாத்துக் குஞ்சு பொரித்த அன்று சுமார் 50 கிராம் இருக்கும், இரண்டு வாரத்தில் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். சராசரி 300 கிராம் என்று எடுத்துக்கொண்டால் பதினான்கு நாளுக்கு 42 மில்லிகிராம். அதே பொடியில் நாற்பதுக்கும் மேற்பட்ட குஞ்சுகளைச் சோதிக்கலாம். 25 கிராம் சுண்டெலிக்கு நான்கு வாரத்துக்கு வெறும் 7 மில்லிகிராம்.

பல ஆய்வுக்கூடங்களில் முடிவு இந்த இடத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. பொடி குறைவு, ஆகவே சிறிய விலங்கு. இதை நான் ஏளனம் செய்ய மாட்டேன், மூலக்கூறு தயாரிப்பவர்களின் பாடு எனக்குத் தெரியும். ஆனால் பதிலி வைரஸ்களின் வரலாற்றைப் புரட்டினால், சிக்கனத்துக்காகத் தேர்ந்தெடுத்ததால் வந்த தவறுகளைவிட, கேள்வி என்ன என்று யோசிக்காமல் தேர்ந்தெடுத்ததால் வந்த தவறுகளே அதிகம் கண்ணில் படுகின்றன.

பதிலி எதற்கு என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். ஹெபடைடிஸ் பி வைரஸ் மனிதரையும் சிம்பன்சியையும் பிடிக்கும், மர மூஞ்சூறை ஓரளவு பிடிக்கும். எலி, முயல், நாய் எதுவும் அதற்கு ஆகாது. ஹெபடைடிஸ் சி அதைவிடப் பிடிவாதம்: மனிதர், சிம்பன்சி, அவ்வளவுதான். சிம்பன்சி ஆய்வுகளுக்கு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2013 முதல் படிப்படியாக முற்றுப்புள்ளி வைத்தது, 2015-இல் கூண்டில் வாழும் சிம்பன்சிகளும் அழிவாபத்துள்ள விலங்குகளின் பட்டியலில் சேர்ந்தன. அந்தக் கதவு சாத்தப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. இன்னொரு பக்கம், செல் வளர்ப்பும் நெடுங்காலம் கைகொடுக்கவில்லை. 1987-இல் உருவான ஹெப்ஜி2.2.15 என்ற செல் வரிசை வைரஸை உற்பத்தி செய்யும், ஆனால் வெளியிலிருந்து வரும் வைரஸை உள்ளே விடாது. கல்லீரல் செல்லுக்குள் நுழைய இந்த வைரஸ் பயன்படுத்தும் வாசல் என்.டி.சி.பி. என்ற புரதம்தான் என்பதே 2012-இல்தான் தெரியவந்தது. எனவே, மனிதனின் வைரஸுக்குச் சொந்தக்காரனான விலங்கு வைரஸ் ஒன்றைப் பிடித்து, அது இயல்பாக வாழும் விலங்கிலேயே மருந்தைச் சோதிப்பது முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கமாக இருந்தது. அதுதான் பதிலி வைரஸ்.

வாத்து

வாத்தின் ஹெபடைடிஸ் பி வைரஸ் 1980-இல் கண்டறியப்பட்டது. மரபணுத் தொகுதி சுமார் 3,000 எழுத்துகள். மனித வைரஸுடையது 3,200. எழுத்துவரிசையை ஒப்பிட்டால் ஒற்றுமை பாதிக்கும் குறைவு. இவ்வளவு தூரத்து உறவு எதற்கு உதவும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்த வைரஸ் குடும்பத்தின் மிகப் பெரிய ரகசியத்தை உடைத்தது வாத்துதான். டி.என்.ஏ. வைரஸாக இருந்தும் இது ஆர்.என்.ஏ. வழியாகச் சுற்றிவந்து, தலைகீழாக நகலெடுத்துப் பெருகுகிறது என்பதை 1982-இல் சம்மர்ஸ், மேசன் என்ற ஆய்வாளர்கள் வாத்தின் கல்லீரலில் காட்டினார்கள். எச்.ஐ.வி.க்காகச் செய்யப்பட்ட மருந்துகள் ஹெபடைடிஸ் பி-க்கும் உதவக்கூடும் என்ற எண்ணத்துக்கு அந்தக் கண்டுபிடிப்பே அடித்தளம். லாமிவுடினும் டெனோஃபோவிரும் அந்த வழியாக வந்தவைதான்.

செல்லின் உட்கருவில் வைரஸ் விட்டுவைக்கும் மூடிய வளைய டி.என்.ஏ. இருக்கிறதே, அதைப் பற்றிய அடிப்படைப் பாடமும் வாத்திலிருந்து வந்தது. நோயாளி மருந்தை நிறுத்தியதும் வைரஸ் மீண்டும் தலைதூக்குவது இந்த வளையத்தால்தான். இரத்தத்தில் வைரஸ் காணாமல் போயிருக்கும், உட்கருவில் வளையம் அப்படியே உட்கார்ந்திருக்கும். வேரோடு குணப்படுத்துகிறேன் என்று கிளம்பும் எந்த மருந்தும் இந்த வளையத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வாத்தின் கல்லீரல் செல்லில் இந்த வளையம் ஏராளமாக இருப்பதால், அதை அளப்பது மனிதச் செல்லில் அளப்பதைவிட எளிது.

வேலை செய்வதும் சுலபம். பொரித்த ஓரிரு நாளில் குஞ்சின் சிரையில் வைரஸ் உள்ள சீரத்தைத் துளி அளவு ஏற்றினால் போதும், தொற்று நிலைத்துவிடும். வளர்ந்த வாத்தாக இருந்தால் வைரஸைத் துரத்திவிடும் வாய்ப்பு அதிகம், ஆகவே நாள் தவறக் கூடாது. தொற்றுள்ள தாய் வாத்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வைரஸைக் கடத்துவதும் உண்டு. இதில் ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் தொற்றில்லாத குழு என்று ஒதுக்கிவைத்த குஞ்சுகளிலேயே பிறவித் தொற்று இருக்கலாம். ஊசியை எடுக்கும் முன் ஒவ்வொரு குஞ்சின் இரத்தத்தையும் பார்த்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் மூன்று வாரம் வீணடித்தவர்களில் நானும் ஒருவன்.

வாத்து சொல்லாத விஷயங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வைரஸால் வாத்துக்குக் கல்லீரல் நோய் பெரிதாக வருவதில்லை, புற்றுநோயும் வருவதில்லை. செல்லுக்குள் நுழையும் வாசல் வேறு புரதம், எனவே நுழைவைத் தடுக்கும் மருந்தை வாத்தில் சோதிப்பது பூட்டு மாறிய கதவில் சாவியைச் சோதிப்பது போலத்தான். வாத்தின் நோயெதிர்ப்பு மண்டலத்தை அளக்கத் தேவையான கருவிப்பொருள்களும் அரிது. ஹெர்பிஸ் மருந்தான ஃபாம்சிக்ளோவிர் வாத்தில் நம்பிக்கை தந்த வகையைச் சேர்ந்தது. மனிதரில் லாமிவுடினுக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒதுங்கிப்போனது. மருந்து வேலை செய்யுமா என்ற கேள்விக்கு வாத்து ஏறத்தாழ சரியான பதிலைச் சொன்னது. எவ்வளவு வேலை செய்யும் என்பதில்தான் கோட்டைவிட்டது.

வுட்சக்

வட அமெரிக்காவில் வளை தோண்டி வாழும், அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொழுத்த விலங்கு வுட்சக். ஃபிலடெல்ஃபியா விலங்குக் காட்சிசாலையில் வளர்க்கப்பட்ட வுட்சக்குகள் வழக்கத்துக்கு மாறாகக் கல்லீரல் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தன. காரணத்தைத் தேடப் போனவர்கள் 1978-இல் கண்டெடுத்ததுதான் வுட்சக் ஹெபடைடிஸ் வைரஸ். மனித வைரஸுக்கு அடுத்து இந்தக் குடும்பத்தில் கண்டறியப்பட்ட முதல் உறவினர் அதுவே.

உறவு நெருக்கமானது. நோயின் போக்கு அதைவிட நெருக்கமானது. பிறந்த சில நாளில் தொற்றிய குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தொற்று நாள்பட்டதாகிறது, வளர்ந்தபின் தொற்றினால் பெரும்பாலும் தானாக நீங்குகிறது. மனிதக் குழந்தைக்கும் பெரியவருக்கும் இடையே உள்ள அதே வேறுபாடு. நாள்பட்ட தொற்றுள்ளவற்றில் ஏறக்குறைய எல்லாமே இரண்டிலிருந்து நான்கு ஆண்டுக்குள் கல்லீரல் புற்றுநோய்க்கு இரையாகின்றன. மருந்து வைரஸைக் குறைக்கிறதா என்று மட்டும் கேட்காமல், புற்றுநோயைத் தள்ளிப்போடுகிறதா, ஆயுளைக் கூட்டுகிறதா என்றும் கேட்பதற்கு மிகவும் ஏற்ற பதிலி இதுதான். என்டெகாவிரை வுட்சக்குகளுக்கு ஓராண்டுக்கு மேலும், சிலவற்றுக்கு மூன்றாண்டு வரையிலும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. வைரஸ் அடங்கியது, மருந்தை எதிர்க்கும் திரிபுகள் தலைகாட்டவில்லை, புற்றுநோய் குறைந்தது, விலங்குகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. 2005-இல் சந்தைக்கு வந்த அந்த மாத்திரை மனிதரிலும் கிட்டத்தட்ட அப்படியே நடந்துகொண்டது. பதிலி ஒன்றின் வாக்கு இவ்வளவு துல்லியமாகப் பலித்தது அபூர்வம்.

சிரமங்களும் அந்த அளவுக்கு உண்டு. வுட்சக் எலியைப் போல ஆண்டு முழுவதும் குட்டி போடாது, வசந்தத்தில் மட்டும்தான். குளிர்காலத்தில் உறங்கப் போகும், தீனியும் உடல் எடையும் பருவத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். மருந்தின் அளவை எடைக்கு எடை கணக்கிடுபவருக்கு இது தலைவலி. மரபளவில் ஒவ்வொரு விலங்கும் வேறு, ஆகவே ஒரு குழுவில் ஐந்து விலங்கு வைத்துக்கொண்டு முடிவு சொல்வது ஆபத்து. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு வளர்ப்புக் கூட்டம் பல ஆண்டுகள் பேணப்பட்டது. அப்படி ஒரு வசதி இல்லாத இடத்தில் வுட்சக் ஆய்வைத் தொடங்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம். மருந்தைச் செல்லுக்குள் செயல்வடிவமாக மாற்றும் திறனும் மனிதரிலிருந்து வேறுபடும். மனிதரில் சிறிய அளவிலேயே நன்றாக வேலை செய்யும் லாமிவுடின், வுட்சக்கில் எடைக்கு எடை பல மடங்கு தேவைப்பட்டது. வுட்சக்கை மட்டும் பார்த்தவர் லாமிவுடினைச் சுமாரான மருந்து என்று எழுதிவைத்திருப்பார்.

பதின்மூன்றாம் வாரம்

இந்தத் துறையில் உள்ள எவரும் மறக்க முடியாத மருந்து ஃபியாலுரிடின். 1993-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 15 ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய குறுகிய காலப் பரிசோதனைகளில் வைரஸ் நன்றாகக் குறைந்திருந்தது, விலங்குகளில் நச்சுச் சோதனையும் முடிந்திருந்தது. பதின்மூன்றாம் வாரத்தில் ஒரு நோயாளியின் கல்லீரல் திடீரென்று செயலிழந்தது, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது. மருந்து அன்றோடு எல்லோருக்கும் நிறுத்தப்பட்டது. நிறுத்தியும் பயனில்லை. ஏழு பேருக்குக் கடுமையான பாதிப்பு தொடர்ந்து முற்றியது, ஐந்து பேர் இறந்தார்கள், மற்ற இருவர் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையால் பிழைத்தார்கள்.

மருந்து வைரஸின் டி.என்.ஏ.வில் நுழைந்தது போலவே மனிதச் செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.விலும் நுழைந்திருந்தது. எலிகள் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்கான விடை 2006-இல் வந்தது: மனித மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் இந்த மருந்தை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதம் ஒன்று இருக்கிறது, எலியின் மைட்டோகாண்ட்ரியாவில் அது இல்லை.

வுட்சக் என்ன சொன்னது என்பதுதான் நமக்கு முக்கியம். சோகம் நடந்து முடிந்தபின் செய்யப்பட்ட ஆய்வில், வுட்சக்குகளுக்கு இதே மருந்தைத் தொடர்ந்து பல வாரம் கொடுத்தார்கள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாத வாக்கில் தீனி குறைந்தது, எடை இறங்கியது, பிறகு கல்லீரல் மனிதரில் போலவே கெட்டது. வுட்சக்குக்கு விடை தெரிந்திருந்தது. நான்கு வாரத்தோடு நிறுத்துபவரின் காதில் அது விழாது. 2014-இல், மனிதக் கல்லீரல் செல்களைப் பதியம்போட்ட சுண்டெலிகளும் இதே நச்சைப் பிடித்துக் காட்டின. அங்கே வைரஸே தேவைப்படவில்லை, மனிதச் செல் மட்டும் போதுமாக இருந்தது.

பதிலியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வைரஸ்களின் மரபணு வரிசையை அருகருகே வைத்து ஒற்றுமைச் சதவீதத்தைப் பார்க்கிறார்கள். அந்தச் சதவீதம் வைரஸைப் பற்றி மட்டும்தான் பேசும். மருந்தை உறிஞ்சுவது, செயல்வடிவமாக்குவது, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இழுப்பது, வெளியேற்றுவது எல்லாம் விலங்கு. வைரஸ் தூரத்து உறவாக இருந்தாலும் மருந்தின் செயலைச் சரியாகச் சொல்லிவிடலாம். விலங்கு தூரத்து உறவாக இருந்தால் நச்சு பற்றி அது வாய் திறக்காது. ஆகவே பதிலிக்கு ஒரே ஒரு மதிப்பெண் போடும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். வைரஸுக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுகிறேன்.

நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகளில் இந்த இரண்டாவது மதிப்பெண் இன்னும் கறாராக இருக்க வேண்டும். வெசடோலிமோட் என்ற மருந்து வுட்சக்கில் அற்புதம் செய்தது. குறுகிய காலச் சிகிச்சைக்குப் பிறகும் வைரஸ் திரும்பாமல் இருந்தது, வைரஸின் மேற்பரப்புப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது, அதற்கு எதிரான ஆன்டிபாடிகூடத் தோன்றியது. சிம்பன்சியிலும் வைரஸ் குறைந்தது. 2018-இல் மனிதப் பரிசோதனை முடிவு வந்தபோது, மருந்து உடலில் எதிர்பார்த்த மரபணுக்களை எழுப்பியது உண்மைதான், ஆனால் மேற்பரப்புப் புரதம் அசையவில்லை. பாலிமரேஸைத் தடுக்கும் மருந்தில் வுட்சக்கின் சொல்லை நம்பலாம். நோயெதிர்ப்பைக் கிளறும் மருந்தில் அதே வுட்சக் தன் உடம்பைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

கீழாநெல்லி

பதிலிகள் ஒன்றையொன்று மறுத்த கதை ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக நோபல் பரிசு பெற்ற பாருக் புளும்பெர்க் உள்ளிட்ட குழு, கீழாநெல்லி இனச் சாற்றை வுட்சக்குகளுக்குச் செலுத்திப் பார்த்த ஆய்வை 1987-இல் வெளியிட்டது. அண்மையில் தொற்றிய சில விலங்குகளில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது, நாள்பட்டவற்றில் அளவு இறங்கியது. 1988-இல் சென்னையிலிருந்து வந்த மனிதப் பரிசோதனை இன்னும் பரபரப்பூட்டியது. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்புப் புரதம் மறைந்ததாகவும், போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நடந்ததாகவும் அது சொன்னது. இன்றைய விலையுயர்ந்த மருந்துகள்கூட இந்த எண்ணிக்கையைக் கனவில்தான் காண முடியும்.

பிறகு வாத்தில் பார்த்தார்கள். 1990-இல் வெளியான ஆய்வில் கீழாநெல்லி வாத்தின் வைரஸை ஒன்றும் செய்யவில்லை. வேறு நாடுகளில் நடந்த மனிதப் பரிசோதனைகளும் சென்னையின் முடிவைத் திரும்பக் காட்டவில்லை. வாத்து சரி, வுட்சக் தவறு என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வுட்சக் ஆய்வில் விலங்குகள் மிகக் குறைவு. அண்மைத் தொற்றில் வைரஸ் தானாக நீங்குவதும் அந்த விலங்கின் இயல்பு. மருந்து கொடுக்காத குழுவில் எத்தனை விலங்கு தானாகத் தேறும் என்பது தெளிவாகத் தெரியாதவரை, நான்கைந்து விலங்கின் மீட்சியைக் கொண்டு எந்த மருந்தையும் எடைபோட முடியாது. பழி மூலிகையின் மேலும் வேண்டாம், வுட்சக்கின் மேலும் வேண்டாம். எண்ணிக்கைதான் காலை வாரியது.

சுண்டெலிகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் அவற்றில் இருப்பது பதிலி வைரஸ் அல்ல, மனித வைரஸேதான். 1995-இல் உருவான மரபுமாற்றச் சுண்டெலி தன் கல்லீரலில் மனித வைரஸைத் தயாரிக்கும், ஆனால் அதில் தொற்று பரவாது, மூடிய வளையமும் உருவாகாது. வைரஸ் உற்பத்தி குறைகிறதா என்று பார்க்க மலிவான வழி, அதற்கு மேல் ஒன்றும் கேட்காதீர்கள். மனிதக் கல்லீரல் செல் பதியமிட்ட சுண்டெலி இதற்கெல்லாம் விடை வைத்திருக்கிறது, விலையும் அதற்கேற்ப. அதற்கு நோயெதிர்ப்பு மண்டலம் முடக்கப்பட்டிருக்கும், எனவே வெசடோலிமோட் போன்றவற்றுக்கு ஆகாது.

ஹெபடைடிஸ் சி: மாட்டின் வைரஸ்

ஹெபடைடிஸ் சி 1989-இல் அடையாளம் காணப்பட்டபோது அதை வளர்க்க யாருக்கும் வழி தெரியவில்லை. மாடுகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பி.வி.டி.வி. என்ற வைரஸ் அதே குடும்பம். மரபணு அமைப்பின் வரிசை ஒத்தது, புரத உற்பத்தியைத் தொடங்கும் முறை ஒத்தது, மனிதருக்குத் தொற்றாது, மாட்டின் சிறுநீரக செல்களில் தாராளமாக வளரும். செல்லைக் கொல்லும் ரகம் ஒன்றும் உண்டு. தட்டில் செல்களைப் பரப்பி, வைரஸைத் தெளித்து, மூன்று நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றினால், செல் செத்த இடமெல்லாம் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். மருந்து போட்ட தட்டில் பொட்டுகளை எண்ணி, மருந்து போடாத தட்டோடு ஒப்பிட வேண்டியதுதான். எண்ணத் தெரிந்த எவரும் ஒரே வாரத்தில் விடை சொல்லிவிடலாம்.

இதிலும் ஒரு பொறி. செல்களை வளர்க்க ஊற்றும் கன்றுக்குட்டிச் சீரத்திலேயே, செல்லைக் கொல்லாத ரக பி.வி.டி.வி. கலந்திருப்பது சகஜம். நீங்கள் வைரஸ் போடாத தட்டிலும் வைரஸ் இருக்கும், பொட்டு மட்டும் தெரியாது. அது உள்ளே உட்கார்ந்துகொண்டு நீங்கள் தெளிக்கும் வைரஸையும் தடுக்கக்கூடும். மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்துவிடுவீர்கள்.

வலோபிசிடபின் என்ற மருந்தின் மூல மூலக்கூறு, இந்த மாட்டு வைரஸில் வலுவாக வேலை செய்தது. மனிதரிலும் ஹெபடைடிஸ் சி-யைக் குறைத்தது. ஆனால் வயிற்றுத் தொந்தரவு தாங்க முடியாமல் 2007-இல் கைவிடப்பட்டது. வைரஸ் பற்றிய பதில் சரி, மனிதக் குடல் பற்றிய பதில் மாட்டின் சிறுநீரக செல்லில் எப்படிக் கிடைக்கும்?

பிறகு 1999-இல் ஹெபடைடிஸ் சி-யின் மரபணுத் துண்டைக் கல்லீரல் செல்லுக்குள் தானாகப் பெருகச் செய்யும் ரெப்ளிகான் வந்தது. 2005-இல் ஜப்பானிய நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த ஜே.எஃப்.எச்.-1 வகை, தட்டிலேயே முழு வைரஸாக வளர்ந்தது. மாட்டு வைரஸுக்கு வேலை போய்விட்டது என்றே பலர் நினைத்தார்கள். போகவில்லை, வேலைதான் மாறியது. ஒரு மருந்து நிறுவனத்தில் ஹெபடைடிஸ் சி ரெப்ளிகானையும் மாட்டு வைரஸ் ரெப்ளிகானையும் ஒரே சோதனையில் சேர்த்து ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைப் போட்டார்கள். இரண்டையும் தடுக்கும் மூலக்கூறு செல்லையே தாக்குகிறது என்று சந்தேகித்து ஒதுக்கினார்கள். ஹெபடைடிஸ் சி-யை மட்டும் தடுத்தவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். அந்தத் தேடலின் வழியில் பிறந்ததுதான் டக்லடஸ்விர், எந்த நொதியும் அல்லாத என்.எஸ்.5ஏ புரதத்தைத் தாக்கும் மருந்து. மாட்டு வைரஸில் வேலை செய்வதே தகுதி என்ற பழைய விதியைப் பின்பற்றியிருந்தால் அந்த மூலக்கூறு முதல் நாளே குப்பைக்குப் போயிருக்கும்.

மாட்டு வைரஸுக்கு இன்னும் ஓர் உத்தியோகம் உண்டு. கிருமிநாசினிகளும், இரத்தப் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் பொருள்களைச் சுத்திகரிக்கும் முறைகளும் ஹெபடைடிஸ் சி-யை அழிக்கின்றனவா என்று காட்ட இதையும், ஹெபடைடிஸ் பி-க்கு வாத்தின் வைரஸையும் பயன்படுத்துகிறார்கள். வைரஸின் உறை கரைகிறதா என்பது மட்டுமே அங்கே கேள்வி. அதற்கு இவை இரண்டும் பொருத்தமான பதிலிகள்.

ஜி.பி.வி.-பி என்ற வைரஸ் ஹெபடைடிஸ் சி-க்கு மாட்டு வைரஸைவிட நெருங்கியது. 1960-களில் மஞ்சள் காமாலை கண்ட அறுவை மருத்துவர் ஒருவரின் சீரத்தை டாமரின் குரங்குகளுக்குச் செலுத்தியதில் தொடங்கிய வரிசை அது. பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் அவருடைய தலைப்பெழுத்துகள். வைரஸ் பிரித்தறியப்பட்டது 1995-இல். மனிதரிடம் அது காணப்படவே இல்லை, அநேகமாகக் குரங்கினுடையதாகவே இருக்கும். அதன் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) ஹெபடைடிஸ் சி-யினுடையதைப் பெரிதும் ஒத்தது. ஆனால் தொற்று பெரும்பாலும் சில வாரத்தில் தானாக நீங்கிவிடுகிறது. நாள்பட்ட நோய்க்கான மருந்தைத் தானாகவே ஆறும் நோயில் சோதித்தால், கீழாநெல்லிக் கதைதான் மறுபடியும். ஹெபடைடிஸ் சி-யின் உறவான, 2017-இல் அறிமுகமான எலி ஹெபாசிவைரஸ் இந்தக் குறையைத் தீர்க்கும் வாய்ப்புள்ளது, நோயெதிர்ப்பு மண்டலம் முழுதாக உள்ள சிறு விலங்கில் நாள்பட்ட தொற்றை அது தருகிறது. ஹெபடைடிஸ் சி-க்கு நல்ல மாத்திரைகள் வந்துவிட்டதால், அதன் பயன் இனி தடுப்பூசி ஆராய்ச்சியில்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டு கிராமை என்ன செய்வது

ஆக, இன்றைக்கு உண்மையில் முடிவெடுக்க வேண்டிய களம் ஹெபடைடிஸ் பி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் 25 கோடிக்கும் மேற்பட்டோர் அதனோடு வாழ்ந்தார்கள். இருக்கும் மருந்துகள் அடக்குகின்றன, அகற்றுவது அரிது.

என்னிடம் அந்தப் பொடி இருந்தால், முதல் சில பத்து மில்லிகிராமை எந்த விலங்குக்கும் கொடுக்க மாட்டேன். என்.டி.சி.பி. புரதம் சேர்த்த மனிதச் செல்லில், மனித வைரஸிலேயே வேலை செய்கிறதா என்று பார்ப்பேன். 2012-க்குப் பிறகு இந்த முதல் கேள்விக்குப் பதிலி தேட வேண்டிய அவசியமே இல்லை. கூடவே மனிதக் கல்லீரல் செல்களில் மூன்று, நான்கு வாரம் வைத்து மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தேய்கிறதா, லாக்டிக் அமிலம் ஏறுகிறதா என்று அளப்பேன். அங்கே சறுக்கினால் மிச்சப் பொடியை அலமாரியில் வைத்துவிடலாம்.

தேறினால் வாத்து. சுமார் முக்கால் கிராமில் மூன்று குழு, குழுவுக்கு ஆறு குஞ்சு. மருந்தே சேராத ஒரு குழுவும் உண்டு, அதற்கும் அதே எண்ணிக்கை. இரத்தத்தில் வைரஸ் இறங்குவதை மட்டும் பார்த்து நிறுத்தாமல், கல்லீரலை எடுத்து வளையத்தின் அளவையும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் வாத்தைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தமே இல்லை. கையிலிருப்பது நியூக்ளியோசைடாக இல்லாமல் வைரஸின் நுழைவைத் தடுக்கும் மருந்தாக இருந்தால் மட்டும் வாத்தைத் தாண்டி, மனிதக் கல்லீரல் பதியமிட்ட சுண்டெலிக்குப் போவேன்.

வுட்சக் கடைசி. அதற்கு வேதியியல் குழுவிடம் போய் நூறு கிராம் கேட்க வேண்டியிருக்கும், அவர்கள் முகம் சுளிப்பார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் வைரஸ் குறைகிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் வுட்சக்கை எடுப்பவருக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், அந்தப் பதில் ஏற்கெனவே மலிவாகக் கிடைத்துவிட்டது. ஓராண்டு கொடுத்தால் விலங்கு என்ன ஆகிறது, நிறுத்தினால் வைரஸ் எப்போது திரும்புகிறது, கட்டி தள்ளிப்போகிறதா என்ற கேள்விகளுக்காக மட்டும் எடுக்கலாம். வாரம் இருமுறை எடை, தினமும் தீனியின் அளவு, மாதம் இருமுறை லாக்டிக் அமிலம். முதல் அறிக்கையை எட்டாம் வாரத்தில் எழுதி முடித்துவிட வேண்டும் என்று மேலிடம் அவசரப்படுத்தினால், அட்டவணையில் பதின்மூன்றாம் வாரத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு அவர்கள் மேசையில் வைத்துவிட்டு வருவேன்.